கனல்மூக்கன் யாருக்கு?

கோமதிநாயகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் எங்கள் வாடகை ஃப்ளாட்டுக்கு வந்தது விளையாடுவதற்காக அல்ல. என்னோடு தங்கியிருந்த அனிலிடம் ஒரு கையெழுத்து வாங்குவதற்காக. விடுமுறை நாளில் கையெழுத்து வாங்க சாலைக் கடைத்தெருவிலிருந்து பஸ் ஏறி வருகிற மனிதர் எப்படிப்பட்டவர் என்று விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் விளக்கத்தான் போகிறேன்.

அது 2004. ஐடி பார்க்கில் எங்கள் கம்பெனியில் அவர் குவாலிட்டி பிரிவில் இருந்தார். மற்றவர்கள் மென்பொருள் எழுதினார்கள். எழுதியவர்கள், எழுதியதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று அவர் பார்த்தார். மென்பொருள் ஓடுகிறதா என்பது அவர் கவலை அல்ல. ஓடவில்லை என்றால் அதற்குரிய தாளில் முறைப்படி ஓடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகவில்லை, முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு மணிக்கட்டு வரை மூடியிருப்பார். எங்களுக்கெல்லாம் அவர் 'சார்'. அனிலுக்கு மட்டும் 'அண்ணாச்சி'. சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் எல்லாத் தமிழரையும் மலையாளிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கடை வைத்திருக்கவில்லை என்பதுதான் அதில் இருந்த வலி.

கடை இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தின் பாத்திரக்கடை. அப்பா போன பிறகு பாகம் பிரித்தபோது, மூத்தவர் குற்றாலலிங்கத்துக்குக் கடை என்றார்கள். கடைசித் தம்பிக்கு வீடு. நடுவில் நின்றவரைப் பார்த்து அவருடைய அம்மா, "நாயகத்துக்குத்தான் படிப்பு இருக்குல்லா" என்றாராம். படிப்பில் சரக்கு இறக்க முடியாது, வாடகைக்கும் விட முடியாது. ஆனால் சொன்ன விதத்தில் ஒரு சமநீதி இருந்தது: ஆளுக்கு ஒன்று. கோமதிநாயகம் தலையாட்டிவிட்டார். தம்பி வீட்டு மாடியறையில், தம்பி பெருந்தன்மையோடு அனுமதித்தபடி, குடியிருந்தார்.

இனி எங்கள் விளையாட்டு. எங்கள் ஊரில் எந்த நல்ல காரியமும் ஹர்த்தால் அன்றுதான் தொடங்கும். மற்ற நாட்களில் ஊர்வலத்துக்கே நேரம் சரியாக இருக்கும். அப்படி ஒரு ஹர்த்தாலில் பஸ் இல்லாமல், கடை இல்லாமல் ஃப்ளாட்டில் அடைந்து கிடந்தபோது நான் வீணாய்ப் போன பிரிண்ட்அவுட்களின் பின்பக்கத்தில் விசித்திர ஜந்துக்களாக வரைந்து தள்ளினேன். கம்பெனியில் என் வேலை, மென்பொருளின் உதவிப் பக்கங்களுக்குப் படம் போடுவது. அந்தப் பக்கங்களை உலகில் யாரும் திறந்ததில்லை. என் ஜந்துக்களுக்காவது ஆள் கிடைத்தது. வித்துரா தாண்டிப் பொன்முடி ஏறும் காட்டில் இவை திரிகின்றன, நீங்கள் எல்லாம் இவற்றைப் பிடித்துப் பழக்கி மோதவிடுகிறவர்கள் என்று கதை கட்டினேன். எல்லாம் வாய்ப்பேச்சுதான். நான் இடத்தைச் சொல்வேன், அவர்கள் செய்வதைச் சொல்வார்கள், முடிவைத் தாயக்கட்டை சொல்லும். 'வளர்ப்பு' என்று பெயர் வைத்தோம். படித்து, வேலைக்குப் போய், பிஎஃப் பிடிக்கப்படுகிற மனிதர்கள் செய்கிற காரியமா என்று கேட்டால், மாலையில் தாய் தந்தையரிடம் போனில் சொல்லக்கூடிய காரியம் அல்ல.

ஜந்துக்களில் ராஜா கனல்மூக்கன். ஆனை அளவு உடும்பு, மூச்சு விட்டால் தீ. மூடல்மாடு மூடுபனியோடு பனியாகக் கரைந்துவிடும். பங்களா வவ்வால் போணக்காட்டு எஸ்டேட் பங்களாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும். கடைசியில், படம் போட இடம் மிஞ்சியதால் போட்டது, கல்லாமை. கல்லால் ஆன ஆமை. பெயருக்கேற்றபடி எதையும் கற்றுக்கொள்ளாது.

முதல் ஆட்டத்தில் எதை எடுப்பது என்பதற்கு விதி எதுவும் இல்லை. ஆகவே கம்பெனியிலிருந்து விளையாட வந்த எல்லோரும் கனல்மூக்கனை எடுத்தார்கள், ரெம்யாவைத் தவிர. ரெம்யா அழகாக இருக்கிறதென்று மூடல்மாட்டை எடுத்தாள். அனில் முதல் வேலையாக அதை எரித்தான். பிறகு மற்ற கனல்மூக்கன்களை எரித்தான். ஆட்டம் டீ ஆறுவதற்குள் முடிந்தது. ரெம்யா திட்டிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், அனில் தன் வெற்றியின் நுணுக்கங்களை விளக்கிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் வாசலில் கோமதிநாயகம் கையில் ஃபைலோடு நின்றார்.

என்ன சண்டை என்று கேட்டார். சொன்னோம். சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஃபைலை மூடி வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது செரியாவாது. எடுக்கதுக்கு ஒரு முறை வேணும்லா" என்றார். "முறை இல்லாம எடுத்தா, கை நீளமுள்ளவன்தான் எடுப்பான்."

"அண்ணாச்சி சொன்னா மதி, அதே போதும், நம்ம கேட்டுக்கிடுவோம்" என்றான் அனில், அது எதில் கொண்டுபோய் விடும் என்று தெரியாமல். அன்றைக்குக் கையெழுத்துப் போடவும் மறந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு கோமதிநாயகம் முதல் விதியோடு வந்தார்: ஒரு ஜந்து ஒருவருக்குத்தான். நியாயம். ஆனால் முதலில் கேட்டவருக்கே கனல்மூக்கன் என்று ஆனதால், அனில் வெள்ளிக்கிழமை இரவே எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பிக் கேட்டுவைத்துவிட்டான். ஆகவே அடுத்த வாரம் குலுக்கல். குலுக்கலில் கனல்மூக்கன் ரெம்யாவுக்கு விழுந்தது, அனிலுக்குக் கல்லாமை. குலுக்கல் மனித உழைப்புக்கு எதிரானது என்று அனில் ஒரு கொள்கைப் பிரசங்கம் செய்தான். சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று விதி வந்தது. அனில் ரெம்யாவுக்கு ஒரு பொட்டலம் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கிக் கொடுத்துக் கனல்மூக்கனை மாற்றிக்கொண்டான். பழம்பொரி தீர்ந்ததும் அவள் ஏமாற்றப்பட்டதாகப் புகார் கொடுத்தாள். புகாரை விசாரிக்க ஒரு கமிட்டி அமைத்தோம். கமிட்டியில் நான் மட்டும் இருந்தேன். என் அறிக்கைக்கு நானே மறுப்புக் குறிப்பு எழுத வேண்டும் என்று கோமதிநாயகம் வற்புறுத்தினார், ஏனென்றால் மறுப்பில்லாத அறிக்கையை யாரும் நம்பமாட்டார்களாம்.

பிறகு புள்ளி முறை வந்தது. ஒவ்வொரு ஜந்துவுக்கும் இத்தனை புள்ளி, ஒவ்வொருவரும் இத்தனை புள்ளிக்குள் எடுக்கலாம். கனல்மூக்கனுக்கு எத்தனை புள்ளி என்று பேசத் தொடங்கினோம். மழைக்காலம் வந்தது. ஐப்பசியில் துலாமழையும் வந்தது. புள்ளி முடிவாகவில்லை. வால் தனியா, வாலைச் சேர்த்தா என்று ஒரு முழு ஞாயிறு போனது. இந்தக் காலத்தில் வளர்ப்பில் ஒரு ஜந்துவையும் யாரும் வளர்க்கவில்லை என்பதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். விதி முடியாமல் விளையாடினால் பின்னால் சங்கடம் என்றார் அவர். அலுவலகத்திலும் அவருடைய பிரிவு இதே முறையில்தான் இயங்கியது, அங்கேயும் எல்லாம் பத்திரமாக இருந்தது.

எரிச்சலோடுதான் கூடிக்கொண்டிருந்தோம், ஆனால் கூடிக்கொண்டுதான் இருந்தோம். காரணம், அவர் எல்லோருடைய குறையையும் உட்கார்ந்து கேட்டார். அனிலின் வாதத்தைக்கூட இடைமறிக்காமல் கேட்பார். அனிலின் வாழ்க்கையில் அதுவரை அப்படி நடந்ததில்லை. ஒருமுறை மூடல்மாட்டின் நிலைமையைப் பற்றி ரெம்யா பேசிக்கொண்டே போய், டீம் லீடர் தன்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை என்று முடித்தாள். அதையும் அவர் தலை குனிந்து கேட்டுவிட்டு, அதற்கு விதி போடும் அதிகாரம் தனக்கு இல்லை என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அந்த டிசம்பரில், புள்ளி ஒருவழியாக முடிவாகி மறுபடி ஆட்டம் தொடங்கியபோது, இசக்கிசெல்வி வந்தாள். தென்காசிக்காரி, எங்கள் கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்து ரெம்யாவின் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். டெஸ்டர் என்றால், மற்றவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். விதிகளை ஒரு தடவை வாசித்தாள். தனக்குக் கட்டைவிரலைவிடச் சிறிய எறும்பு வேண்டும் என்றாள். அவ்வளவு சிறிய ஜந்துக்களுக்குப் புள்ளியே கிடையாது, மதிப்பு பூஜ்யம்.

"எத்தனை வேணும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான் அனில்.

"பொன்முடியில உள்ளது பூரா" என்றாள்.

விதி அதைத் தடுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த கனல்மூக்கனின் மூக்கு வழியாக எறும்புகள் உள்ளே போயின. அனில் எழுந்து நின்று வாதாடினான். கோமதிநாயகம் விதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எறும்புகள் வென்றதாகச் சொன்னார். அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பல வருஷமாக அவர் எழுதிய எதையும் யாரும் முழுசாக வாசித்ததில்லை.

அடுத்த வாரம் எறும்புக்கும் தலைக்கு ஒரு புள்ளி வைத்தார். அவள் ஒரே ஒரு பங்களா வவ்வாலை எடுத்தாள், நிறைசூலி. அது ஒரு வாரத்தில் குட்டி போட்டது. குட்டிகளுக்கு விதியில் புள்ளி இல்லை. பிரசவத்துக்கு விதி எழுதினார். பிரசவித்த ஜந்து மகப்பேறு விடுப்பில் இருப்பதால் அதைத் தாக்கக்கூடாது என்று அவள், கம்பெனி விதியையே மேற்கோள் காட்டி வாதாடினாள். அவர் அதை ஏற்றுக்கொண்டார். ஞாயிறுகளில் அவர் சட்டை புதிதாக இஸ்திரி போடப்பட்டிருந்தது. வலியசாலையிலிருந்து உளுந்துவடை வாங்கிவரத் தொடங்கினார். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. வடை நன்றாக இருந்தது.

ஒருநாள் அவர் ஏதோ ஒரு திருத்தத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது இசக்கிசெல்வி குறுக்கிட்டாள்.

"சார், நீங்க எத வளக்கிய?"

தன்னிடம் எதுவும் இல்லை என்றார் அவர். விதி போடுகிறவரே விளையாடினால் மனசு ஒருபக்கம் சாயும், அதனால் ஆரம்பத்திலிருந்தே எடுக்கவில்லை என்று விளக்கினார். ஏதோ விருதை வேண்டாமென்று சொன்னவரைப்போல அடக்கமாகச் சொன்னார்.

"வெளயாடாதவரு எதுக்கு சார் சட்டம் போடுதிய?" என்றாள் அவள். கேலி இல்லை. ஓட்டையைக் கண்டால் சொல்லிவிடுவது அவள் பழக்கம்.

கோமதிநாயகம் தாள்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார். பிறகு, சரி, தானும் எடுக்கலாம், ஆனால் தானே எதையாவது எடுத்தால் அதில் நியாயம் இருக்காதே என்றார்.

ரெம்யாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்கு இது வய்யா, முடியல" என்று ஆரம்பித்து, யாரும் தனக்கு எடுக்கவே வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கட்டும், அதோடு முடியட்டும் என்றாள். புள்ளி வேண்டாம், குலுக்கல் வேண்டாம், மாற்றல் வேண்டாம். அத்தனை மாதங்களின் உழைப்பை ஒரு பெண் டீ டம்ளரைக் கழுவப் போகிற வழியில் முடித்துவிட்டதை அவர் ஏற்றுக்கொண்டது ஆச்சரியம். ஏற்றுக்கொண்டார். வேறு யாரும் மறுப்பு சொல்லாததால், எங்கள் ஊர் வழக்கப்படி, அனில் மறுப்பு சொல்லிப் பதிவு செய்தான்.

அடுத்தவருக்கு எடுத்துக் கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அவரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் அனிலுக்குப் பங்களா வவ்வாலைக் கொடுத்தேன், சொன்னதையே சொல்லும் ஜந்து. அவனுக்கு அது புரிய மூன்று ஞாயிறு ஆனது. அனில் ரெம்யாவுக்குக் கனல்மூக்கனைக் கொடுத்துவிட்டு எங்கேயோ பார்த்தான். எரித்த மாட்டுக்குப் பதில் என்று வைத்துக்கொள்ளலாம். இசக்கிசெல்வி கோமதிநாயகத்துக்குக் கல்லாமையைக் கொடுத்தாள்.

அவர் அந்தப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். அசையாது, கற்காது, தீ கக்காது. நான் கடைசியில் இடம் நிரப்பப் போட்டது. ஏதாவது சொல்வாரென்று பார்த்தோம். "செரி" என்று மட்டும் சொன்னார். பாகம் பிரித்த அன்றும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவர் விளையாடினார். கல்லாமையைப் பொன்முடிச் சாலையில் ஒரு கொண்டையூசி வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நகர்த்தவே ஆட்டத்தில் பல நாள் ஆனது. அதற்குத் தினமும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றினார். ஓட்டின்மேல் பாசி பிடிக்கிறதா என்று என்னிடம் கேட்டார். பிடிக்கலாம் என்றேன். அலுவலகத்தில் ஒருநாள் கேன்டீன் வரிசையில் என் தோளைத் தட்டி, தலையை வெளியே நீட்டச் சொன்னால் அது ஒரு தடவை நீட்டியதை நான் கவனித்தேனா என்று கேட்டார். பின்னால் நின்ற மேனேஜர் வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரியில் கல்லாமைக்கும் ரெம்யாவின் கனல்மூக்கனுக்கும் மோதல் வந்தது. கனல்மூக்கன் ஊதியது. தாயம் விழுந்த விதத்தில் ஓடு பிளந்தது. கோமதிநாயகத்தின் விதிப்படி, ஓடோ தோலோ பிளந்த ஜந்து ஒரு மாதம் ஆட்டத்துக்கு வெளியே. விதிவிலக்கு கிடையாது. அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அவரே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"பிரஜின், அங்க மழ பெய்யுதுல்லா" என்றார் என்னைப் பார்த்து.

பொன்முடியில் மழை என்று நான் சொல்லவில்லை என்றேன்.

"பொன்முடில எப்பவும் மழதானே. நனஞ்ச கல்லு பிளக்காது."

பிப்ரவரியில் மழை கிடையாது என்றாள் ரெம்யா. பாசி பிடித்திருக்கிறது, பாசியில் ஈரம் உண்டு என்றார். பாசி பிடிக்கலாம் என்றுதான் சொன்னேன், பிடித்துவிட்டது என்று சொல்லவில்லை என்றேன். தாயம் உருண்டபோது மேசை ஆடியது என்றார். மேசையே இல்லை, தரையில்தான் உருட்டினோம். பிறகு, விதியை எழுதியவர் என்ற முறையில் அந்த இடத்தில் 'தோல்' என்பதைத்தான் முக்கியமாக மனதில் வைத்து எழுதியதாக, வெட்கமே இல்லாமல், எங்கள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அனில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். தன்னுடைய வாதங்கள் எல்லாம் வேறொருவர் வாயிலிருந்து அதைவிட நன்றாக வருவதைக் கேட்கிற அதிர்ச்சி அது.

ரெம்யா அசையவில்லை. "விதிவிலக்கு இல்லன்னு நீங்கதானே எழுதினது" என்றாள்.

"எழுதினேன். இப்ப ஒத்துக்கிட மாட்டேன்" என்றார் கோமதிநாயகம். குரல் உயர்ந்துவிட்டது. காதெல்லாம் சிவந்திருந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். படியில் இறங்கும் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது. இசக்கிசெல்வி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றார், ஆமைகளுக்கு மட்டும் பயன்படும் ஒரு திருத்தத்தோடு. வாக்கெடுப்புக்கு விட்டோம். அவரைத் தவிர எல்லோரும் எதிர்த்து வீழ்த்தினோம். ஒரு மாதம் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து பார்த்தார். அந்த மாதம் எங்கள் ஆட்டம் அதுவரை இல்லாத அளவுக்கு நன்றாக நடந்தது, ஏனென்றால் விதி போட யாருக்கும் நேரம் இல்லை.

வீட்டிலும் ஏதோ ஆகியிருந்தது. அண்ணன் குற்றாலலிங்கம் அவருக்குப் பெண் பார்த்திருந்தார். பெண்ணின் அப்பா பித்தளை மொத்த வியாபாரி. யாருக்குப் பொருத்தம் என்பதைக் கடையைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். கோமதிநாயகம் ஒத்துக்கிட மாட்டேன் என்று அங்கேயும் சொல்லிவிட்டார். வீட்டில் யாரும் அதற்கு முன் அவரிடம் இந்த வார்த்தையைக் கேட்டதில்லை என்பதால், உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து டாக்டரிடம் போகச் சொன்னார்கள்.

மார்ச்சில் அவர் இசக்கிசெல்வியிடம் கேட்டார். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், பட்டப்பகலில், நானும் ரெம்யாவும் நாலடி தள்ளி நிற்க, ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கேட்டுவிட்டார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு ஊர்ல பாத்தாச்சு சார். மாமா மவன். எனக்குப் பிடிச்சுதான்" என்றாள்.

இந்த இடத்தில் அவர் 'செரி' என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "எனக்கு வருத்தமாட்டு இருக்கு" என்றார். அவள், இருக்கும்தான் சார் என்றாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள், வேறு பஸ் இல்லாததால். பிறகு பல வாரம் அவர் எங்கள் ஃப்ளாட்டில் வந்து வருத்தத்தை மறைக்காமல் உட்கார்ந்திருந்தார். வடை வாங்கி வரவில்லை. நாங்கள் வாங்கிக் கொடுத்தோம், எல்லாவற்றையும் சாப்பிட்டார், உப்பு குறைவு என்று சொன்னார். அனில் அவருக்குத் தன் பங்கு வடையையும் தள்ளிவிட்டு, "அண்ணாச்சி, மனசு வெசமம் மாறும்" என்றான். மாறாது என்று அவர் சண்டைக்கு வந்தார்.

மே மாதம் தென்காசிக்குக் கல்யாணத்துக்கு எல்லோரும் வேன் பிடித்துப் போனோம். பந்தியில் பாயசம் கேட்டு வாங்கி இரண்டு தடவை குடித்தார் கோமதிநாயகம். மாப்பிள்ளையின் கையைக் குலுக்கிவிட்டு, இந்தப் பெண்ணிடம் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், ஓட்டை கண்டுபிடித்துவிடுவாள் என்று எச்சரித்தார். மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. மணப்பெண்ணுக்குப் புரிந்தது.

அதே வருஷம் தம்பி வீட்டு மாடியைக் காலி செய்து எங்கள் ஃப்ளாட்டுக்கே குடிவந்தார். எந்த அறை யாருக்கு என்று கேள்வி வந்தபோது நானும் அனிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரோட்டுப் பக்கம் இல்லாத பெரிய அறையில் அவர் ஏற்கெனவே பாயை விரித்துவிட்டிருந்தார். அனில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முதலில் வந்தவருக்குத்தான் என்றார் கோமதிநாயகம், சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றி மடித்துவிட்டுக்கொண்டே.